மண் வீடுன்னா மட்டமா? - ஒரு குட்டி வரலாறு



இயற்கையான பொருட்களை வச்சு வீடு கட்டணும்னு ஆசைப்படுறவங்க இப்போ நிறைய பேர் ஆயிட்டாங்க. சுண்ணாம்புப் பூச்சு, மண்கல் சுவர், நாட்டு ஓடு, ஆத்தங்குடி தரைன்னு பேச்சு சுவாரசியமா போகும். அந்தப் பேச்சு வீட்டுப் பெரியவங்க காதுல விழுந்த உடனே ஒரே கேள்வியில முடிஞ்சிடும். "நாங்க கஷ்டப்பட்டு மண் வீட்டுல இருந்து வெளிய வந்தோம். நீ லோன் போட்டு திரும்ப அதுக்குள்ளயே போறியா?"

இதைச் சிரிச்சுட்டு தாண்டிப் போக முடியாதுங்க. ஒவ்வொரு மழைக்கும் சுவர் கரைஞ்சு, வருஷா வருஷம் கூரை மாத்தி, பூரானுக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்ந்தவங்க கேக்குற கேள்வி இது. மண்ணுக்கும் மரியாதைக்கும் நடுவுல இருக்குற இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு இருக்கு. எகிப்துல ஒரு கிராமம், திருவனந்தபுரத்துல ஒரு வெள்ளைக்காரர், நம்ம ஆரோவில்ல ஒரு செம்மண் கல். இந்த மூணையும் பார்த்துட்டு வந்தா அந்தப் பெரியவங்களுக்குச் சொல்ல ஒரு நேர்மையான பதில் கிடைக்கும்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு காபி போட்டுட்டு வந்துடுங்க :-)

முதல்ல, சிமெண்ட் வந்த கதை

1824-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் ஒரு காப்புரிமை வாங்கினார். கெட்டியானதும் போர்ட்லாண்ட் தீவுக் கல் மாதிரி இருந்ததால அதுக்கு போர்ட்லாண்ட் சிமெண்ட்னு பேர் வச்சார். அது நம்ம ஊருக்கு வந்ததுல சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1904-ல் சென்னையில கடல் சிப்பிகளை வச்சு சிமெண்ட் தயாரிக்க ஒரு கம்பெனி முயற்சி பண்ணுச்சு. அது ஓடல. 1914-ல் குஜராத்தின் போர்பந்தர்ல தொடங்கின உற்பத்திதான் நிலைச்சு நின்னுது.

அதுக்கு முன்னாடி நம்மாளுங்க என்ன பண்ணாங்க? காரை வீடு கட்டினாங்க. சுண்ணாம்பையும் மணலையும் அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியை விட்டு, நாள்கணக்கா புளிக்க வச்சு பூசுறது. மேல மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம் போட்டு, அதுமேல சின்னச் சின்ன செங்கல்லை நிக்க வச்ச மாதிரி குறுக்குவாட்டத்துல சுண்ணாம்புக் கலவையில அடுக்கி, அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, ஆட்கள் வரிசையா உக்காந்து கட்டையால தட்டித் தட்டி இறுக்குவாங்க. கடைசியா தட்டோடு பதிப்பாங்க. நூறு வருஷம் தாண்டின இந்தத் தளங்கள் இன்னும் பல ஊர்கள்ல இருக்கு.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மெட்ராஸ் டெரஸ் போட்டது வசதியானவங்க. மத்தவங்களுக்கு மண் சுவரும் கீத்துக் கூரையும்தான். "நம்ம முன்னோர்கள் எல்லாம் இயற்கையோட வாழ்ந்தாங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றப்ப இந்த வித்தியாசம் காணாமப் போயிடுது. சிமெண்ட் வந்தப்ப மக்கள் அதைக் கொண்டாடினதுக்குக் காரணம் இதுதான். மழை வந்தா கரையாத, தீப்பிடிச்சு எரியாத ஒரு வீடு சாதாரண ஆளுக்கும் கிடைக்கும்ங்கிற நம்பிக்கை அது.

சுதந்திரத்துக்கு அப்புறமும் ரொம்ப காலம் சிமெண்ட் சுலபமா கிடைக்கல. விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டுல. பெர்மிட் வாங்கி, காத்துக் கிடந்து மூட்டையைக் கொண்டு வந்த கதையை வீட்டுல யாராவது ஒரு தாத்தா சொல்லியிருப்பார். சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்துல மகாராஷ்டிரத்தின் முதல்வர் ஒருத்தர் 1982 ஜனவரியில பதவியையே விட்டு இறங்க வேண்டி வந்துச்சு. அதே 1982-ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்துச்சு, 1989-ல் முழுசா போச்சு. அதுக்கப்புறம்தான் தெருவுக்குத் தெரு சிமெண்ட் கடை.

இன்னைக்கு அதோட இன்னொரு பக்கமும் தெரியுது. சுண்ணாம்புக்கல்லை சுமார் 1450 டிகிரியில சுட்டாதான் சிமெண்ட். அதுக்கு எரிக்கிற எரிபொருள் புகை ஒரு பக்கம். கல்லுக்குள்ள இருந்தே வெளிய வர்ற கரியமில வாயு இன்னொரு பக்கம். உலகத்துல மனுஷங்களால வெளியாகுற கரியமில வாயுவுல 7, 8 சதவீதம் சிமெண்ட்டால மட்டும்னு கணக்கு சொல்றாங்க. சுண்ணாம்புக்கும் இதே கல்லைத்தான் சுடணும், ஆனா 900 டிகிரி போதும். பூசின அப்புறம் காத்துல இருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கிட்டேதான் அது கல்லாகுது.

சரி, இப்போ எகிப்துக்குப் போவோம்.

புதிய குர்னா: கேக்காம கட்டின ஊர்

ஹசன் ஃபாத்தி (1900-1989) ஒரு எகிப்தியக் கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப்போர் காலம். மரமும் இரும்பும் கிடைக்கல. சரி, பச்சைக்கல்லுல கட்டுவோம்னு இறங்கினார். நம்ம ஊர்ல சூளையில வைக்கிறதுக்கு முன்னாடி இருக்குமே, அந்த வெயில்ல காஞ்ச சுடாத செங்கல். சுவர் எழுப்பிடலாம், கூரை? முட்டுக்கொடுக்க மரம் வேணுமே. அவரோட அண்ணன் தம்பியில ஒருத்தர் அஸ்வான் பக்கம் வேலை பார்த்தவர். அங்க நூபிய மக்கள் முட்டே இல்லாம மண்கல்லுல வளைவுக் கூரை போடுறதைச் சொன்னார். ஃபாத்தி நேர்ல போய்ப் பார்த்து அசந்துட்டார். பின்சுவர்ல கொஞ்சம் சாய்ச்சு முதல் வளையத்தை ஒட்டவச்சு, அதுமேல சாய்ஞ்ச மாதிரியே அடுத்தது, அடுத்ததுன்னு கொத்தனார்கள் வெறுங்கையால கூரையை முடிச்சுடுறாங்க.

1945-ல் ஃபாத்திக்கு ஒரு பெரிய வேலை வந்துச்சு. லக்ஸர் பக்கம் பழங்காலக் கல்லறைகள் மேலயே குர்னான்னு ஒரு ஊர். சுமார் 7000 பேர். அவங்க கல்லறைப் பொருட்களைத் தோண்டி விக்கிறாங்கன்னு தொல்லியல் துறைக்குத் தலைவலி. அவங்களை அப்படியே கீழ சமவெளிக்கு மாத்தணும், அதுக்கு ஒரு புது ஊர் கட்டணும். ஃபாத்தி அழகழகா கட்டினார். மசூதி, சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கம், முற்றம் வச்ச வீடுகள். எல்லாம் மண்கல்.

ஊர்க்காரங்க வரமாட்டேன்னுட்டாங்க.

ஒரு காரணம், அவங்க பொழப்பு மலைமேல. சுற்றுலாவும் புதையலும் அங்கதான் இருக்கு. இன்னொண்ணு, அந்தப் பக்கம் குவிமாடம்னா கல்லறைக்கு வைக்கிறதுன்னு ஒரு நினைப்பு. அதுக்கடியில யார் குடும்பம் நடத்துறது? எல்லாத்துக்கும் மேல, இந்த இடமாற்றம் வேணும்னு அவங்க யாரும் கேக்கல. அரசாங்கம் முடிவு பண்ணுச்சு. ஊர்ல ஒரு பகுதிதான் கட்டி முடிஞ்சுது, வேலை நின்னு போச்சு. நிலத்தடி ஈரம் உப்போட மேல ஏறி சுவர்களை அரிச்சுது. பின்னாடி குடிவந்தவங்கள்ல பல பேர் மண் வீட்டை இடிச்சு கான்கிரீட்டுக்கு மாறினாங்க. மலைமேல இருந்த பழைய குர்னாவை 2006 கடைசியில இருந்து அரசாங்கம் இடிச்சுது. அந்த மக்கள் போனது கான்கிரீட் வீடுகளுக்கு.

ஃபாத்தி இந்த அனுபவத்தை எழுதின புத்தகம் 1973-ல் ஆங்கிலத்துல பரவலா வந்து, உலகம் பூரா கட்டடக்கலை மாணவர்களை ஆட்டிப் படைச்சுது. குர்னாவுல அவர் தேர்ந்தெடுத்த பொருள் சரி, கணக்கும் சரி. வீட்டுக்காரங்களோட சம்மதம் மட்டும் இல்ல.

திருவனந்தபுரம்: கேட்டுக் கேட்டுக் கட்டின ஆள்

லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம்ல பிறந்தவர். போர்க்காலத்துல சீனாவுல மருத்துவப் பணி. ஊர் திரும்புற வழியில கப்பலுக்காக பம்பாய்ல காத்துக்கிடந்த நாட்கள்ல காந்தியைச் சந்திச்சார். ஒரு வீட்டுக்கான பொருள் எல்லாம் அஞ்சு மைல் சுத்துவட்டத்துல கிடைக்கிறதா இருக்கணும்னு காந்தி சொன்னதை பேக்கர் ஆயுசு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தார். 1945-ல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்டுற வேலைக்கு இந்தியா வந்தார். 1948-ல் எலிசபெத்ங்கிற கேரள மருத்துவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ரெண்டு பேரும் இமயமலையில பித்தோராகர் பக்கம் 16 வருஷம் இருந்தாங்க.

அங்கதான் அவருக்கு பாடம். இங்கிலாந்துல படிச்ச படிப்பு அந்த மலையில எடுபடல. கல்லு, மண்ணு, மரம், சாணி. இதை வச்சு மலைக்காரங்க காலகாலமா கட்டிக்கிட்டு இருந்த வீடுகள்ல ஏற்கனவே எல்லாத்துக்கும் விடை இருந்துச்சு. பார்த்துக் கத்துக்கிட்டார்.

1970 வாக்குல திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். அச்சுத மேனன் முதல்வரா இருந்த காலம். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் ஆரம்பிச்ச வளர்ச்சி ஆய்வு மையத்தோட உள்ளூர் வளாகத்தை பேக்கர்தான் கட்டினார் (உள்ளூர்னா திருவனந்தபுரத்துல அது ஒரு இடத்தோட பேர்!). பூந்துறையில மீனவர் குடியிருப்பு, நகரத்துல பேராசிரியர்களுக்கு வீடுன்னு வேலை வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் மேல சொன்ன சிமெண்ட் பெர்மிட் காலம்தான் அது, ஞாபகம் வச்சுக்குங்க. சிமெண்ட்டையும் கம்பியையும் குறைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அப்போ மவுசு இருந்துச்சு.

அவர் செஞ்சது என்னன்னு எளிமையா சொல்றேன்.

ஒண்ணு, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காம பக்கவாட்டுல நிக்க வச்சு அடுக்குறது. சுவர் கனம் அதே 9 அங்குலம், உள்ள மட்டும் காத்து அடைச்ச வெற்றிடம். செங்கல் சுமார் கால்வாசி மிச்சம், கலவையும் மிச்சம், வெயில் சூடும் உள்ள சீக்கிரம் வராது. இது அவர் கண்டுபிடிப்பு இல்ல, இங்கிலாந்துல பழசு. இங்க பரப்பினது அவர்.

ரெண்டு, ஓடு வச்ச கான்கிரீட் தளம். சாதாரண தளத்துல மேல்பாதி கான்கிரீட்தான் அழுத்தத்தைத் தாங்குது. கீழ்ப்பாதியில இழுவையைத் தாங்குறது கம்பி, அங்க இருக்குற கான்கிரீட்டுல பாதி சும்மா கனம்தான். அந்த இடத்துல பழைய மங்களூர் ஓட்டை வச்சுட்டா கான்கிரீட் குறையும், எடை குறையும், அதனால கம்பியும் குறையும். மங்களூர் ஓடே ஒரு தனிக்கதை, 1865-ல் பாசல் மிஷன்காரங்க ஆரம்பிச்ச தொழில். இன்னொரு பதிவுல பார்ப்போம்.

மூணு, வேண்டாததை விடுறது. நல்ல செங்கல் சுவருக்குப் பூச்சு எதுக்கு? வாசலுக்கு மேல லிண்டல் எதுக்கு, செங்கல் வளைவு போதாதா? ஜன்னலுக்குப் பதிலா செங்கல்லுலயே ஓட்டை ஓட்டையா ஜாலி வச்சா காத்தும் வரும், வெளிச்சமும் வரும், கம்பி செலவும் இல்ல. மனையில மரம் நின்னா அதை வெட்ட மாட்டார், சுவரை வளைச்சுடுவார். இடிச்ச வீட்டுக் கதவு, பழைய உத்தரம், கண்ணாடி பாட்டில் எல்லாத்துக்கும் அவர் வீட்டுல ஒரு இடம் உண்டு. நாலாஞ்சிறையில பாறைச் சரிவுல அவர் தனக்குக் கட்டிக்கிட்ட வீடே இதுக்கு சாட்சி.

ஆனா எனக்கு முக்கியமாப் படுறது வேற. வீட்டுக்காரங்க எப்படி சமைக்கிறாங்க, யார் எங்க படுப்பாங்க, பாட்டி வெத்தலை இடிக்க எங்க உக்காருவாங்கங்கிற அளவுக்கு விசாரிச்சுட்டுத்தான் கோடு போடுவார். கட்டுற இடத்துலயே கொத்தனாரோட நின்னு மாத்திக்கிட்டே இருப்பார். தன்னோட சிக்கன முறைகளை ஏழைக்கு மட்டும்னு ஒதுக்கல. மீனவருக்குக் கட்டின அதே செங்கல், அதே ஜாலி, பேராசிரியருக்கும். பெரிய இடத்து ஆட்களே பூச்சில்லாத வீட்டுல இருக்காங்கன்னு ஆன பிறகு, பூச்சில்லாத சுவர் 'காசு பத்தலை'ங்கிறதுக்கு அடையாளமா இல்லாம போச்சு. குர்னாவுல ஃபாத்திக்குக் கிடைக்காத சம்மதம், பேக்கருக்கு இப்படித்தான் வீடு வீடா கிடைச்சுது.

1985-ல் அச்சுத மேனன், கே. என். ராஜ் இவங்களோட சேர்ந்து காஸ்ட்ஃபோர்டுங்கிற அமைப்பு உருவாச்சு. பேக்கர் கையால எழுதி, கார்ட்டூன் மாதிரி படம் போட்ட சின்னச் சின்ன கையேடுகள் கொத்தனார் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு. மண்ணைப் பத்தி மட்டுமே ஒரு கையேடு உண்டு. ஏன்னா செங்கல்லையும் சும்மா விட முடியாது, அதைச் சுட விறகு எரியணும். 1990-ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90 வயசுல காலமானார்.

ஆரோவில்: மண்ணுக்கு ஒரு பரீட்சை

மூணாவது நம்ம பக்கம், விழுப்புரம் மாவட்டம். 1989-ல் ஹட்கோ உதவியோட ஆரோவில்ல ஒரு கட்டட மையம் வந்துச்சு, அதுதான் இன்னைக்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட். சத்பிரேம் மைனி தலைமையில அவங்க எடுத்துக்கிட்ட வேலை, மண்ணை 'ஏதோ குத்துமதிப்பா' இல்லாம கணக்கோட பயன்படுத்துறது.

மண்ணை அழுத்திக் கல்லாக்குற கை இயந்திரம் 1950கள்ல கொலம்பியாவுல ராவுல் ராமிரெஸ் வடிவமைச்சது. இந்தியாவுல பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில 1974-ல் ஆரம்பிச்ச அஸ்த்ரா குழு இந்த அழுத்தின மண்கல்லுல நிறைய வேலை செஞ்சுது. ஆரோவில்காரங்க தங்களுக்குன்னு ஒரு இயந்திரத்தை உருவாக்கி, செய்முறையையும் தெளிவா வகுத்தாங்க. மேல்மண் வேண்டாம், அது செடிக்கு. அதுக்குக் கீழ இருக்குற மண்ணுல ஜல்லி 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20 சதவீதம்னு அமைஞ்சா உத்தமம். அதோட சுமார் 5 சதவீதம் சிமெண்ட். ஈரப்பதமா கலந்து அழுத்தி, நாலு வாரம் தண்ணி காட்டிப் பதப்படுத்தணும். சூளை கிடையாது, விறகு கிடையாது. மண் எடுத்த குழி மழைநீர் சேமிக்க.

ஆமா, இதுலயும் கொஞ்சம் சிமெண்ட் இருக்கு. "அப்போ இயற்கை எங்க?"ன்னு கேக்கலாம். அந்த 5 சதவீதம்தான் மழையில கரையாத மண்ணையும் கரையுற மண்ணையும் பிரிக்குது. பாட்டி பயந்தது எதுக்கோ, அதுக்கு பதில் அந்த 5 சதவீதத்துல இருக்கு.

இந்தக் கல்லுல ஆரோவில்ல விகாஸ்ங்கிற குடியிருப்புல நாலு அடுக்குக் கட்டடம் நிக்குது. கட்டடத்துக்கு அடியில தோண்டின மண்ணே அதுக்குச் சுவர். அங்க இருக்குற வருகையாளர் மையத்துக்கு 1992-ல் ஒரு விருது கிடைச்சுது. விருதோட பேர் என்ன தெரியுமா? ஹசன் ஃபாத்தி விருது :-)

மண்ணோட ரெண்டு எதிரிகள்

மண்ணுல கட்டினா மாடி நிக்குமான்னு கேக்குறவங்களுக்கு ஏமன் நாட்டு ஷிபாம் நகரம். வெறும் மண்கல்லுல ஏழெட்டு மாடி, பெரும்பாலும் 16-ம் நூற்றாண்டுல கட்டினது. அதே ஷிபாம் 2008 வெள்ளத்துல அடிபட்டுச்சு. ஈரானின் பாம் நகரத்துல பிரம்மாண்டமான மண்கோட்டை ஒண்ணு இருந்துச்சு. 2003 டிசம்பர் 26-ம் தேதி நிலநடுக்கத்துல கோட்டையும் நகரமும் சரிஞ்சு, 26 ஆயிரத்துக்கும் மேல ஆட்கள் செத்துப்போனாங்க. தண்ணியும் நிலநடுக்கமும்தான் மண்ணோட எதிரிகள். இதை மறைச்சுட்டு மண் வீட்டைப் பத்திப் பேசுறது நியாயம் இல்ல. உசரமான பேஸ்மட்டம், நல்லா வெளிய நீண்ட கூரை, தேவையான இடத்துல கம்பியும் கான்கிரீட் பட்டையும். இவ்வளவும் இருந்தாதான் மண்ணு வீடு.

சரி, இப்போ வீடு கட்டுறவங்களுக்கு?

பெரிய சிக்கல் கூலி. காரை அரைக்கவும் தளம் தட்டவும் அந்தக் காலத்துல அடிமாட்டுக் கூலிக்கு ஆள் கிடைச்சாங்க. இன்னைக்குக் கிடைக்க மாட்டாங்க, கிடைக்கவும் கூடாது. அதனால "இயற்கை வீடு பாதி விலை"ன்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க. சில இடத்துல மிச்சமாகும், சில இடத்துல கூடவே ஆகும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஃபேக்டரிக்கும் லாரிக்கும் போற காசுல ஒரு பங்கு, கைவேலை தெரிஞ்ச கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போகுது. அந்தக் கைவேலை ஒரு தலைமுறை விட்டுப்போனா திரும்ப வராது.

அரசாங்கத் திட்டங்களும் கான்கிரீட் பக்கம்தான். நம்ம ஊர்ல 2010-ல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தோட நோக்கமே குடிசைகளை கான்கிரீட் வீடுகளா மாத்துறது. குடிசை எரிஞ்சதைப் பார்த்தவங்க கான்கிரீட் கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. மூணு வேளை சாப்பிடுறவன் பட்டினி கிடக்குறவனுக்கு விரத மகிமை சொல்ற மாதிரி, வசதியா இருக்குறவங்க அவங்களுக்கு மண் வீட்டுப் பெருமையைச் சொல்லக் கூடாது. முதல்ல கட்டிக் காட்ட வேண்டியது, வேற வழியும் வாங்குற வசதியும் இருக்குறவங்க. பேக்கர் கதையில இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான்.

அதனால அந்தப் பெரியவங்க கேள்விக்கு என் பதில் இப்படி: "நீங்க விட்டு வந்த வீட்டுல மண்ணு மேல குத்தம் இல்ல. பேஸ்மட்டம் இல்ல, நல்ல கூரை இல்ல, அதைப் போட காசு இல்ல, உங்ககிட்ட யாரும் எதையும் கேக்கவும் இல்ல. இந்தத் தடவை அது எல்லாம் இருக்கு. எங்க உக்காந்து வெத்தலை இடிப்பீங்க, சொல்லுங்க."

ஒரே ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல காரை வீடோ மெட்ராஸ் டெரஸோ இடிபடப் போகுதுன்னா, அதைக் கட்டத் தெரிஞ்ச வயசான கொத்தனார் யாராவது இருக்காரான்னு விசாரிங்க. கலவை எப்படிப் போட்டாங்கன்னு கேட்டு, உங்க பதிவுல நாலு வரி எழுதி வைங்க. உத்தரமும் கதவும் எப்படியும் நல்ல விலைக்குப் போயிடும். கலவைப் பக்குவம் அவரோட போயிடும்.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லீங்க. கட்டுறதுக்கு முன்னாடி உங்க மனை மண்ணைச் சோதிச்சு, இந்த வேலை தெரிஞ்ச பொறியாளரைக் கேட்டுக்குங்க. அப்புறம் சுவர் விரிசல் விட்டா பின்னூட்டத்துல வந்து திட்டக் கூடாது :-)